சங்கீதத்தை யார் பாட வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தைப் பற்றி எழுதிய சிறு குறிப்புக்குத் தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமிருந்தும் அப்புறமிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இயன்றவரை விடை எழுதியிருக்கிறேன்.

பாறசாலையிலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்கள் வீட்டில் இருப்பது சி.எஸ்.ஐ. சபையார் வாசிக்கும் வேதாகமம். என் மருமகள் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவள். அவளுடைய பாட்டியின் பழைய ஜெபப் புத்தகத்தில், பாவ மன்னிப்புக்காகச் சொல்லும் சங்கீதம் ஐம்பதாவது என்று அச்சிட்டிருக்கிறது. எங்களுக்கு அது 51. பக்கத்து வீட்டுச் சுறியானிக் கிறிஸ்தவர்களும் 51 என்றே சொல்கிறார்கள். இதில் யாருடைய எண் தவறு?

ஒருவருடையதும் தவறில்லை, அம்மா. எல்லாரிடமும் இருப்பது அதே 150 பாடல்கள்தாம். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேலி போட்ட இடம் மட்டும் வேறு. எபிரெய மூலத்தில் ஒன்பது, பத்து என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு சங்கீதங்களைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அதைப் பின்பற்றிய இலத்தீன் வேதாகமத்திலும் அதன் வழிவந்த பழைய கத்தோலிக்கப் புத்தகங்களிலும் அதனால்தான் அந்த இடத்திலிருந்து எண் ஒன்று குறைந்தே வருகிறது. பிறகு 114, 115 இரண்டையும் சேர்த்து, 116-ஐயும் 147-ஐயும் இரண்டிரண்டாகப் பிரித்து, கடைசியில் 148-இல் எல்லாரும் மறுபடி ஒரே எண்ணுக்கு வந்து சேர்கிறார்கள். சுறியானி வேதாகமம் ஒன்பதையும் பத்தையும் சேர்க்கவில்லை. ஆகவே 51 வரை அவர்கள் உங்களோடு நடக்கிறார்கள். 114, 115 இரண்டையும் அவர்களும் சேர்த்துவிடுவதால், அதற்குப் பின்பு சிறிது தூரம் உங்களைவிட ஓர் எண் பின்தங்கி வருகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒன்பதும் பத்தும் எபிரெய எழுத்துகளின் வரிசையில், நம் ஆத்திசூடி அகர வரிசையில் நடப்பதுபோல, இடையிடையே சிதைந்தும் தொடர்ந்தும் ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. பத்தாம் சங்கீதத்துக்கு எபிரெயத்தில் தலைப்பும் இல்லை. இந்த ஓர் இடத்தில் பாட்டியின் புத்தகத்தின் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற ஒரே பல்லவி 42-இலும் 43-இலும் வந்தும், அந்த இரண்டையும் இந்த மூன்று எண்ணிக்கைகளில் எதுவுமே சேர்க்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இசை மாணவர்: 120-ஆம் சங்கீதம் தொடங்கி "ஆரோகண சங்கீதம்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்களே, அவை ஆரோகணத்தில் மட்டும் பாட வேண்டியவையா? "இராகத்தலைவன்" என்பவர் யார்?

கேள்வியை வாசித்துச் சிரித்தேன். ஏனென்றால் பன்னிரண்டு வயதில் நானும் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்தச் சங்கீதங்களை ச-ரி-க-ம என்று மேலேறும் சுரங்களில் மட்டும் பாடிப் பார்த்திருக்கிறேன். ஆரோகணம் என்பதற்கு ஏறுதல் என்றுதான் பொருள். எபிரெயச் சொல்லும் ஏற்றத்தையும் படிகளையும் குறிப்பதே. 120 முதல் 134 வரையுள்ள இந்தப் பதினைந்தும், மலைமேல் இருக்கும் எருசலேமுக்குப் பண்டிகைக்காக ஏறிச் சென்றவர்கள் வழியில் பாடியவை என்பது பலருடைய கருத்து. யூதர்களின் மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்போ, ஆலயத்தில் பெண்கள் பிராகாரத்திலிருந்து மேலே ஏறும் பதினைந்து படிகளோடு இவற்றைச் சேர்த்துப் பேசுகிறது. கூடாரப் பண்டிகையின்போது ஆலய ஊழியரான லேவியர் அந்தப் படிகளில் வாத்தியங்களோடு நின்று பாடினார்கள் என்றும் சொல்கிறது. இராகத்தைப் பற்றிய செய்தி அந்தத் தலைப்பில் இல்லை.

இராகத்தலைவன் என்பது பாடகரை நடத்துகிறவர். 55 சங்கீதங்களின் தலைப்பில் அவர் வருகிறார். ஆனால் மெட்டைப் பற்றிய குறிப்புகள் வேறு இடங்களில் உண்டு. 22-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் வரும் எபிரெயச் சொற்களுக்கு "விடியற்காலப் பெண்மான்" என்று பொருள். 57, 58, 59, 75 ஆகிய நான்கின் தலைப்பிலும் "அழிக்காதே" என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் வேறொரு பாட்டின் முதலடியைப் போட்டு, "என்ற மெட்டு" என்று எழுதுவார்கள் அல்லவா, அதுபோல இவையும் அக்காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளின் முதற்சொற்களாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்த மெட்டுகள் மறைந்துவிட்டன. பெயர்கள் மட்டும் தங்கியிருக்கின்றன. 71 இடங்களில் வரும் "சேலா"வும் பொருள் தெளிவில்லாமல் அப்படித் தங்கிப்போன ஒரு சொல்தான். வேத வாசிப்பின்போது அதை உரக்கப் படிக்க வேண்டியதில்லை.

குழித்துறையிலிருந்து ஒரு சபை மூப்பர்: "சீர்திருத்தவாதி லுத்தர் வரும்வரை சபையார் வாய் திறக்கவே இல்லை, குருமார் மட்டுமே பாடினார்கள்" என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் பேசினார். பாடகர் குழுவினர் அதை மறுத்து, "முதலிலிருந்தே பாடகர் குழுதான் பாடியது" என்றார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்குப் பட்டதுதான் சரி. முதலில் சங்கீதத்தையே பாருங்கள். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. தனியாக ஒருவர் வாசிப்பதற்கு எழுதியிருந்தால் இருபத்தாறு முறை அதையே எழுதியிருக்க மாட்டார்கள். ஒருவர் முற்பாதியைச் சொல்ல, கூட்டம் பிற்பாதியை ஏற்றுப் பாடுவதற்கான அமைப்பு அது. கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு ஆண்டவரும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். பஸ்காவில் பாடப்படும் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களே அவை என்பது பொதுவான கருத்து. பாடகர் குழு அங்கே இருக்கவில்லை.

இனி, அந்த 136-ஆம் சங்கீதத்தையே இன்னோர் இடத்தில் பாருங்கள். 356-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அலெக்சாந்திரியா நகரில் ஓர் இரவு ஆராதனையின்போது, ஆயர் அத்தனாசியுவைப் பிடிப்பதற்காகப் போர்வீரர்கள் ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் இருக்கையை விட்டு எழாமல், உதவிக்குருவைச் சங்கீதம் வாசிக்கச் சொல்லி, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சபையாரை மறுமொழி சொல்லச் சொன்னார். அதன் பிறகே அவர்களைக் கலைந்துபோகச் சொன்னார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் கழித்து, 386-இல், மிலான் நகரத்து ஆலயம் ஒன்றை, கிறிஸ்துவைப் பிதாவுக்குச் சமமாக ஏற்காத ஆரியுக் கொள்கையினருக்குக் கொடுக்கும்படி பேரரசனின் தாய் யுஸ்தினா வற்புறுத்தியபோது, ஆயர் அம்புரோசும் மக்களும் உள்ளேயே காவல் இருந்தார்கள். மக்கள் துயரத்தால் சோர்ந்துபோகாதபடி, கீழ்த்திசைச் சபைகளின் வழக்கப்படி பாட்டுகளையும் சங்கீதங்களையும் பாடும் முறை அப்போதுதான் அங்கே ஏற்பட்டது என்று அகுஸ்தீன் தம் வாழ்க்கை நூலில் சொல்கிறார்.

ஆனால் உங்கள் பாடகர் குழுவினரும் வெறுங்கையோடு வரவில்லை. அதே நான்காம் நூற்றாண்டில் சபைத் தலைவர்கள் கூடிய லவோதிக்கேயா சங்கம், மேடையில் ஏறி ஏட்டைப் பார்த்துப் பாடுவதற்கு நியமிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர் சபையில் பாடக்கூடாது என்று ஒரு விதி செய்தது. எல்லா ஊர்களும் அதைக் கேட்கவில்லை என்பது வேறு. மேற்கே காரணங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. மக்களின் பேச்சுமொழி மாறிக்கொண்டே போக, ஆராதனை இலத்தீனிலேயே நின்றுவிட்டது. ஓர் எழுத்தைப் பத்துப் பதினைந்து சுரங்களில் இழுத்துப் பாடும் நுட்பம் வளர்ந்தது. பயிற்சி பெற்றவர்களால் மட்டுமே அதைப் பாட முடிந்தது. மடங்களில் துறவி பெனடிக்டு வகுத்த ஒழுங்குப்படி 150 சங்கீதங்களும் வாரத்துக்கு ஒருமுறை பாடி முடிக்கப்பட்டன. அது பெரிய காரியந்தான், ஆயினும் அது துறவிகளின் பாட்டு. வெளியே நின்ற குடியானவன் கேட்டான், பாடவில்லை.

லுத்தர் செய்தது அந்தக் குடியானவனின் மொழியில் சங்கீதத்தைப் பாட்டாக மாற்றித் தந்தது: 130-ஆம் சங்கீதத்திலிருந்து எழுதிய பாட்டு 1524-ஆம் ஆண்டுப் புத்தகங்களிலேயே வந்துவிட்டது, 46-ஆம் சங்கீதத்தைத் தழுவிய கோட்டைப் பாட்டு சில ஆண்டுகள் கழித்து வந்தது. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் இன்னும் கடுமையானவர். அவருடைய ஜெனீவாவில் ஆலயத்துக்குள் ஆர்கனும் இல்லை, பல குரல் பாடகர் குழுவும் இல்லை; 1562-இல் முழுமையாக வெளிவந்த பிரெஞ்சுச் சங்கீதப் புத்தகத்திலிருந்து எல்லாரும் ஒரே சுருதியில், ஒரே குரலில் பாடினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் மக்களின் பங்கை முன்னிறுத்தியது 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு. இன்று திருப்பலியில் பதிலுரைப் பாடலின் தலைப்பில் "பல்லவி" என்று அச்சிட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அலெக்சாந்திரியாவின் அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே, சபையார் தொடக்கத்தில் பாடினார்கள், இடையில் பல இடங்களில் வாய் அடைபட்டது, பின்பு திறந்தது. நம் பக்கத்தில் அது மறுபடி அடைபட்டு வருகிறதோ என்று ஐயப்படுகிறேன். நான்கு மைக்கும் ஒரு கீபோர்டும் வைத்துக்கொண்டு, சபையாருக்குப் பழக்கமில்லாத சுருதியில் ஒரு குழு பாடினால், லவோதிக்கேயா விதியை யாரும் வாசிக்காமலே அது அமலுக்கு வந்துவிடும்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு வாசகர்: மேல்நாட்டு மெட்டுகளில் பாடும் பாமாலைப் புத்தகத்தில் பாட்டின் மேல் 8.6.8.6, 8.7.8.7 என்று எண்கள் போட்டிருப்பது எதற்கு? கீர்த்தனைகளுக்கு ஏன் அப்படி எண் இல்லை?

அந்த எண்கள் ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசையொலிகள் என்பதைச் சொல்கின்றன. முதலடியில் எட்டு, இரண்டாவதில் ஆறு என்று ஒத்துப்போகும் எந்தப் பாட்டையும் அதே அளவுள்ள எந்த மெட்டிலும் பாடிவிடலாம். ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் சங்கீதம் முழுவதையும் இப்படி அளந்து செய்யுளாக்கிக்கொண்டார்கள். 1640-இல் அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றத்தில் அச்சான முதல் புத்தகமே அத்தகைய ஒரு சங்கீதப் புத்தகந்தான். 1719-இல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் ஒரு படி மேலே போய், சங்கீதக்காரன் தாவீதைக் கிறிஸ்தவனைப்போலப் பேசவைத்து எழுதினார். கிறிஸ்துமஸில் நாம் பாடும் "ஜாய் டு தி வேர்ல்டு" அவர் 98-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. அதில் முன்னணையும் இல்லை, மேய்ப்பரும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாட்ஸ் சுயாதீன சபையைச் சேர்ந்தவர். 1795-இல் தோன்றிய லண்டன் மிஷன் சங்கத்தின் பெரும்பான்மை ஆதரவாளர்களும் அந்தச் சபையினரே; 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயையும், 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்த மீடையும் அனுப்பியது அந்தச் சங்கந்தான். அந்த எண்கள் தென் திருவிதாங்கூருக்கு வந்த வழி இதுவே.

வந்த இடத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. ஆங்கிலத்தில் அழுத்தம் மாறினால் காது சற்றே உறுத்தும். தமிழிலோ குறில் நெடிலானால் பொருளே மாறும். மெட்டின் பலமான தட்டு "மலை" என்ற சொல்லின் முதலெழுத்தில் விழுந்து ஒரு மாத்திரை நீண்டால், ஆண்டவர் ஒலிவ மாலையில் ஜெபம் பண்ணுவார். "கல்" புரண்டதா, "கால்" புரண்டதா என்பதும் அப்படியே. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பார்த்துச் சொல் பொறுக்கினார்கள், எல்லாரும் பார்க்கவில்லை.

கீர்த்தனைக்கு எண் தேவைப்படவில்லை. தாளத்துக்குள் சொல் நீண்டும் குறுகியும் நடக்க இடம் உண்டு, பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் எழுதியவற்றைச் சேர்த்து, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். நம் பக்கத்திலே மயிலாடியில் பிறந்த ஜான் பால்மரும், உங்கள் ஊருக்கு அருகே திருப்புறத்தில் பிறந்து மலையாளத்தில் கர்நாடக முறையில் எழுதிய மோசவத்சலம் சாஸ்திரியாரும் (1847–1916) அந்த வழியில் வந்தவர்கள்.

இதில் என் கண்ணால் கண்டது ஒன்று. என் சிறு வயதில் எங்கள் சிற்றாலயத்தில் அரிக்கேன் விளக்கின் கீழ் உபதேசியார் பாமாலையைத் திறந்து, முதலடியை வெறும் வாசகமாகச் சொல்வார். நாங்கள் அந்த அடியைப் பாடுவோம். அவர் அடுத்த அடியைச் சொல்வார். புத்தகம் ஒன்று, வாசிக்கத் தெரிந்தவர் நாலைந்து பேர். எழுத்து தெரியாதவர்கள் இருக்கும் சபைகளில் இப்படியே வரி வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பாடவேண்டும் என்று 1640-களிலேயே இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் குருமார் ஒழுங்கு செய்திருந்தார்கள் என்பதைப் பின்னாளில் படித்தபோதுதான், எங்கள் உபதேசியாரின் வழக்கம் எவ்வளவு தூரம் கடல் கடந்து வந்தது என்று தெரிந்தது. ஆனால் கீர்த்தனை பாடும்போது அவர் ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. பல்லவியை என் பாட்டி அவருக்கு முன்பே எடுத்துவிடுவார்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்: திருவிதாங்கோடு அரைப்பள்ளி என்னும் பழைய ஆலயத்துக்கு ஒருமுறை போனபோது, சுறியானி சபையில் எட்டு இராகங்கள் உண்டு என்று சொன்னார்கள். அவை நம் இராகங்கள் போன்றவையா?

எட்டு இசைமுறைகள் உண்மைதான். கேரளத்துச் சுறியானிகளான மலங்கரைச் சபையார் அவற்றை எக்காரா என்பார்கள். அந்தியோக்கியாவின் மேற்குச் சுறியானி மரபைச் சேர்ந்தவை அவை. கிரேக்கத் திருச்சபையிலும் எட்டு, இலத்தீன் சங்கீத இசையிலும் எட்டு. நம் இராகத்தைப் பாடகர் தம் மனநிலைக்கும் பாட்டின் உணர்ச்சிக்கும் ஏற்பத் தேர்கிறார். அங்கே தேர்வது நாட்காட்டி: இந்த வாரத்துக்கு முதலாவது முறை என்றால் அதற்கு இணை ஐந்தாவது, அடுத்த வாரம் இரண்டாவதும் ஆறாவதும் என்று எட்டு வாரங்களில் சுற்றி வரும். துக்கமான பாட்டு வந்துவிட்டதே என்று முறையை மாற்ற முடியாது. எனக்கு இதில் ஓர் ஈர்ப்பு உண்டு, ஏனென்றால் பாடுகிறவரின் ஆசைக்கு அங்கே இடம் குறைவு. சுறியானியின் பாட்டுமரபில் பெரும் பெயர் நான்காம் நூற்றாண்டு எப்ரேம். அவருடைய பாட்டுகளைப் பாடியவை பெண்களின் குழுக்கள் என்று செரூக்கு ஊர் யாக்கோபு எழுதியிருக்கிறார்.

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: போப்பரசரின் ஆலயத்தில் மட்டும் பாடப்பட்ட இரகசியப் பாட்டை மொசார்ட் ஒருமுறை கேட்டே எழுதிவிட்டார் என்பது உண்மையா?

எழுதினார் என்பது உண்மை. 1770-இல், பதினான்காம் வயதில். அவருடைய தந்தையே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டு அலெக்ரி இசையமைத்த 51-ஆம் சங்கீதம், பாறசாலை அம்மாளின் ஐம்பதாவது. ஆனால் அதன் படிகள் அதற்கு முன்பே வெளியே போயிருந்தன. இன்று ஒலிப்பதிவுகளில் எல்லாரையும் மயக்கும் அந்த உச்சக் குரல், பிற்காலத்தில் ஏடுகளைச் சேர்த்தவர்களின் தவறால் நுழைந்தது. மொசார்ட் அதைக் கேட்கவில்லை.

மீண்டும் மார்த்தாண்டத்திலிருந்து, ஒரு பாடகர் குழுத் தலைவி: ஐயா, வேதாகமத்தில் இருக்கிறபடியே, செய்யுளாக மாற்றாமல், சங்கீதத்தைச் சபையார் எல்லாரும் சேர்ந்து தமிழில் பாட முடியுமா?

முடியும், அம்மா, துறவிகள் அப்படித்தான் பாடினார்கள். தாளம் வேண்டாம்; நம் விருத்தம் பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அலங்காரம் இல்லாமல். எபிரெயச் செய்யுளில் எதுகையைவிட, முற்பாதியும் பிற்பாதியும் ஒன்றுக்கொன்று எதிரொலிப்பதே முக்கியம். சங்கீத இசையும் அதனால்தான் இரண்டு பாதியாக இருக்கிறது. ஒரே சுரத்தில் சொற்களைப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு போய், பாதியின் கடைசியில் மட்டும் இரண்டு மூன்று சுரங்கள் அசைந்து இறங்கும்.

23-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பதில் பத்து ஒலிகள் இருப்பதால் எட்டு ஒலி மெட்டில் அது அடங்காது; இந்த முறையிலோ எத்தனை ஒலி இருந்தாலும் கவலையில்லை. "கர்த்தர் என் மேய்ப்பரா" வரை ஒரே சுரம். "யிருக்கிறார்" என்பதில் அசைவு. "நான் தாழ்ச்சி" ஒரே சுரம்; "யடையேன்" என்பதில் முடிவு. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருவதால், ஒவ்வொரு முடிவும் "கிறார்", "வேன்" என்ற விகுதியிலேயே விழும். அந்த விகுதியை இழுக்கப் பாடகர்களுக்கு ஆசை வரும். இழுக்க விடாதீர்கள், இழுத்தால் "மேய்ப்பர்" காதில் விழாமல் "றார்" மட்டும் நிற்கும். முதல் வசனத்தில் பாதியைக் காட்டும் அரைப்புள்ளி இரண்டாம் வசனத்தில் இல்லை. "மேய்த்து" என்பதற்குப் பின்னுள்ள காற்புள்ளிதான் பாதி. முதல் மாதத்தில் சபையாரை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்து, வசனத்துக்கு வசனம் மாறிப் பாடவையுங்கள். குழுவினரை ஒரே வரிசையில் நிறுத்தாமல் இரண்டு பக்கமும் பெஞ்சுகளுக்கு நடுவே உட்காரவையுங்கள். பாதி முடிந்ததும் எல்லாரும் ஒரு மூச்சு இழுத்துவிடும் அளவுக்கு நில்லுங்கள். அந்த இடைவெளியில் கீபோர்டு வாசிக்க வேண்டாம்.